திரை வேண்டாம்

காலிசிசோ
8 நவம்பர் 2013

மத்தியா அவர்களுக்கு,

கம்பாலாவில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் விற்பவர்களில் ஏமாற்றாத ஆள் நீங்கள் என்று எங்கள் பள்ளிக் கணக்கர் சொன்னார். அதை நம்பி போன் செய்தேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். ஹலோவில் முதல் பாதி வந்தது, மறு பாதி வரவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். கடைசியில் யாரோ ஒரு பெண் போனை வாங்கி, "அவருக்குக் காகிதத்துல எழுதிப் போடுங்கம்மா, அதான் வசதி" என்றாள். எனக்குக் காகிதம் வசதியில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். அதாவது நான் சொல்கிறேன், என் அத்தை எழுதுகிறாள். எனக்குக் கண் தெரியாது.

(அத்தை எழுதுறேன். இரட்டைப் பிள்ளை பெத்தவங்கிறதால ஊர்ல என்னை நாலோங்கோன்னு கூப்பிடுவாங்க. என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், பயப்பட வேண்டாம்.)

நான் இங்கே மிஷன் பள்ளியில் சரித்திரம் நடத்துகிறேன். போன தவணைத் தேர்வுக்கு நான் கேள்விகளைச் சொன்னேன், அத்தை எழுதினாள். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொன்னால்தான் அத்தைக்குக் கை ஓடும். எங்கள் ஜன்னலுக்கு வெளியேதான் விடுதிப் பிள்ளைகள் தண்ணீர் பிடிக்கும் குழாய். அந்தத் தேர்வில் என் வகுப்பில் யாருமே தொண்ணூறுக்குக் கீழே வாங்கவில்லை. தலைமை ஆசிரியர் என்னை வாழ்த்தவில்லை.

(நான் மெதுவாத்தான் சொன்னேன்.)

பிப்ரவரியில் பள்ளி திறக்கும்போது கேள்வித்தாளை வேறு யார் கையும் வாயும் படாமல் நானே தயாரிக்க வேண்டும், இல்லையென்றால் மேல் வகுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகத் தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரில் எழுத்தைப் படித்துச் சொல்லும் புரோகிராமை எனக்குப் பழக்கியிருக்கிறார்கள். என்னிடம் இல்லாதது கம்ப்யூட்டர்தான். இருப்பதிலேயே மலிவானதைச் சொல்லுங்கள். கீபோர்டில் எஃப், ஜே எழுத்துகளின் மேல் இருக்கும் சின்ன மேடு தேயாமல் இருக்க வேண்டும். குரல் கேட்க வேண்டும். திரை வேண்டாம்.

கொரெட்டி

---

கம்பாலா
15 நவம்பர்

கொரெட்டி டீச்சருக்கு,

லைன் அறுந்ததல்ல, நான்தான் அறுந்தேன். எனக்குத் திக்குவாய். நேரில் என்றால் கையைக் காட்டி, முகத்தைக் காட்டி எப்படியோ ஒப்பேற்றிவிடுவேன். போனில் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. போனை வாங்கிப் பேசியது பக்கத்துக் கடையில் போன் உறை விற்கும் பெண். என் விஷயத்தை ஊருக்குச் சொல்வது அவளுக்குச் சம்பளமில்லாத உத்தியோகம்.

இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஆபீஸ் பழசு என்று கழித்துவிட்ட பெட்டிகள் கப்பலில் வருகின்றன. நான் தூசி ஊதி, கெட்டதை மாற்றி, உள்ளே இருப்பதைத் துடைத்து விற்கிறேன். வாங்க வருகிறவர்கள் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போலப் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறார்கள். என்ன சத்தத்தை எதிர்பார்க்கிறார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் திரை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். பெட்டி, கீபோர்டு, காதில் மாட்டும் ஹெட்போன், சின்ன ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் ஷில்லிங் ஆகும். ஓரத்தில் கீறல் விழுந்த திரை ஒன்று விலைபோகாமல் கிடக்கிறது. அதைச் சும்மாவே தருகிறேன். வீட்டில் மற்றவர்களுக்காவது உதவும். திரை இல்லாத கம்ப்யூட்டரை அனுப்பினால், பாதிப் பொருளைக் கொடுத்து ஏமாற்றிவிட்டான் என்று ஊரில் என்னைத்தான் பேசுவார்கள்.

நாலோங்கோ அம்மாவின் கையெழுத்து உண்மையிலேயே முத்துதான்.

மத்தியா

---

காலிசிசோ
22 நவம்பர்

மத்தியா அவர்களுக்கு,

உங்கள் நல்ல மனசுக்கு நன்றி. திரை வேண்டாம்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மேஜையில் திரை இருந்தால் அது எனக்கு ஒன்றையும் காட்டாது, என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாவற்றையும் காட்டும். கேள்வித்தாளை நான் அடிக்க அடிக்க, பால் கொண்டுவருகிறவன் படிப்பான். ஜன்னலில் நிற்கும் பிள்ளைகள் படிப்பார்கள். எனக்குப் பத்து வயதில் அம்மை கண்ட நாளிலிருந்து எனக்கு வந்த எந்தக் கடிதத்தையும் நான் முதலில் படித்ததில்லை. யாராவது ஒருவர் படித்து, சிரித்து, அல்லது உச்சுக்கொட்டி, அதற்குப் பிறகுதான் எனக்குச் சொல்வார்கள். ஒரு சொல்லாவது எனக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். அதற்குத்தான் காசு கொடுக்கிறேன்.

(இதை எழுதும்போது எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. நான் என்ன உச்சுக்கொட்டினேன்?)

பணத்தை இங்கிருந்து கம்பாலாவுக்கு ஆள் ஏற்றிப் போகும் டாக்ஸி டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு டப்பா வறுத்த வெட்டுக்கிளி. இந்த வருடம் எங்கள் பக்கம் விளக்கு வைத்த இடமெல்லாம் கொட்டிக் கிடக்கிறது.

(இறக்கை, கால் எல்லாம் நானே உட்கார்ந்து ஆய்ஞ்சேன். வெங்காயம் போட்டு வறுத்திருக்கேன். சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க.)

கொரெட்டி

---

கம்பாலா
2 டிசம்பர்

கொரெட்டி டீச்சருக்கு,

பெட்டி இந்த டிரைவரோடு வருகிறது. திரை இல்லை. நீங்கள் சொன்ன காரணத்தைக் கேட்ட பிறகு அந்தக் கீறல் திரையை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெட்டுக்கிளி விஷயத்தில் ஒரு தப்பு நடந்துவிட்டது, தப்பு உங்களுடையதல்ல. நான் வெட்டுக்கிளிக் குலம். குலத்தின் பெயரை வாயில் போட்டு மெல்ல முடியுமா? டப்பாவைத் திறந்ததும் மணம் தூக்கியது. பக்கத்துக் கடைக்காரி, "அண்ணே, உன் சொந்தக்காரங்களை நான் பாத்துக்கறேன், கவலைப்படாதே" என்று வாங்கிப் போய், என் கண் முன்னாலேயே கடைசிக் கால்வரை பொறுக்கித் தின்றாள். நாலோங்கோ அம்மாவின் உழைப்பு வீணாகவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பெட்டியைத் தயார் செய்தபோது, கடைத் திரையின் மேல் என் சட்டையைப் போட்டு மூடி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை செய்து பார்த்தேன். ஒரு நிமிடத்தில் தொலைந்துபோனேன். ஒரு கடிதத்தைத் திறக்கப்போய் எதையோ அழித்துவிட்டேன், என்னத்தை அழித்தேன் என்று இன்னும் தெரியவில்லை. உங்கள் மேல் எனக்கு இருந்த மரியாதை இன்னும் கூடிவிட்டது.

வயரைச் செருகி முன்பக்கத்துப் பெரிய பொத்தானை அழுத்துங்கள். காற்று சுழலும் சத்தம் வரும். கொஞ்சம் பொறுங்கள். ஒரு ஆண் குரல் பேசும். அவ்வளவுதான்.

மத்தியா

---

காலிசிசோ
9 டிசம்பர்

மத்தியா அவர்களுக்கு,

பேசவில்லை.

காற்று சுழல்கிறது, குரல் இல்லை. ஸ்பீக்கரை மாற்றிச் செருகினேன், ஹெட்போனைச் செருகினேன், அணைத்துப் போட்டேன். முதல் நாள் பார்க்க வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. தலைமை ஆசிரியரும் வந்திருந்தார். எல்லாரும் அந்தக் காற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றார்கள். பிறகு அவர், "திரை இருந்திருந்தா என்னன்னாவது பாத்திருக்கலாம், டீச்சர்" என்றார், ரொம்ப மெதுவாக. அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை. புதுத் தவணைக்கு வேறு ஆசிரியரை விசாரிக்கத் தொடங்கிவிட்டார் என்று அவர் மனைவி அத்தையிடம் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வருடம் சேர்த்த பணம். உங்கள் பேச்சை நம்பி, இல்லை, நீங்கள்தான் பேசவே இல்லையே, உங்கள் எழுத்தை நம்பிக் கொடுத்தேன். ஊமைப் பெட்டியை ஊமைதான் விற்பான் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

கொரெட்டி

(இந்தக் கடைசி வரி வேண்டாம்னு சொன்னேன் தம்பி. எழுதுன்னு மேஜையைத் தட்டினா. எழுதிட்டேன். அவ மூணு நாளா சாப்பிடலை.)

---

கம்பாலா
6 ஜனவரி 2014

கொரெட்டி டீச்சருக்கு,

பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உண்டு. பாதி கோபம், பாதி வேலை.

கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊமை என்ற சொல் எனக்குப் புதிதல்ல, பள்ளிக்கூடத்தில் அதுதான் என் பெயர். உங்கள் கடிதத்தில் அதைப் பார்த்ததும் கடையை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். மற்றவர்கள் சொன்னபோது இப்படி வலித்ததில்லை. நாலோங்கோ அம்மா அடியில் எழுதியிருந்த வரியைப் பண்டிகை முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

இனி வேலை. உங்கள் பெட்டியோடு வந்த இன்னொரு பெட்டி, அதே ஆபீஸ், அதே மாடல், என் கடையில் இருந்தது. ஊருக்குப் போகும்போது அதன் வயரைப் பிடுங்கிவிட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து செருகினேன். திரையில் ஒரு வரி வந்தது: தேதியும் நேரமும் மறந்துவிட்டது, தொடர்ந்து போக எஃப் ஒன்று பொத்தானை அழுத்தவும். என் கை தானாகப் போய் அழுத்தியது, பெட்டி ஓடத் தொடங்கியது. அப்போதுதான் நெஞ்சில் இடித்தது.

உள்ளே நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கிறது. வயரைப் பிடுங்கினாலும் கடிகாரம் ஓடுவதற்காக. பழைய பெட்டிகளில் அது செத்துப்போயிருக்கும். என் கடையில் பெட்டிகள் எப்போதும் கரண்ட்டிலேயே இருப்பதால் அது தெரிவதில்லை. எப்போதாவது அந்த வரி வந்தால் ஈ ஓட்டுவது போல ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுப் போய்விடுவேன். வருடக்கணக்காகத் தட்டுகிறேன், தட்டுவது எனக்கே தெரியாது. அந்த வரியைப் படித்துச் சொல்ல வேண்டிய புரோகிராம் அந்த வரியைத் தாண்டிய பிறகுதான் எழுந்திருக்கும். சட்டையைப் போட்டு மூடி நான் செய்த சோதனையெல்லாம் அதற்குப் பிந்தியது. கண் உள்ளவன் கண் உள்ளவனுக்கு விற்கும் பொருளைத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன். தப்பு என்னுடையது.

கீபோர்டின் மேல் வரிசை. இடது ஓரத்தில் தனியாக ஒரு பொத்தான். கொஞ்சம் இடைவெளி. அதற்கு அடுத்தது. பெட்டியைப் போட்டு, காற்றுச் சத்தம் நிதானமான பிறகு அதை ஒரு தரம் அழுத்துங்கள்.

புது பேட்டரி இந்த உறையில் இருக்கிறது. வயரைப் பிடுங்கிவிட்டு மேல் மூடியைப் பின்பக்கமாக இழுத்தால் கழன்றுவிடும். பழையதை நகத்தால் நெம்பி எடுத்து, வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி இதை வையுங்கள். அதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். அப்போதும் பேசவில்லை என்றால் உங்கள் பணம் முழுவதும் அடுத்த டாக்ஸியில் வரும்.

மத்தியா

---

காலிசிசோ
13 ஜனவரி

மத்தியாவுக்கு,

இதை நானே அடிக்கிறேன். பிரிண்டர் இல்லாததால் பென்டிரைவில் போட்டு அனுப்புகிறேன், உங்கள் திரையில் படித்துக்கொள்ளுங்கள். தப்பு இருந்தால் அத்தையைத் திட்ட முடியாது, எல்லாம் என் தப்பு.

உங்கள் கடிதத்தை அத்தை படித்தாள். ஊமை என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். நான்தான் மேலே படிக்கச் சொன்னேன். என்னைப் பார்த்துக் குருடி என்று ஒருவன் எழுதியிருந்தால் அவன் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். நீங்கள் வயரைச் செருகிப் பார்த்திருக்கிறீர்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

இடது ஓரம், இடைவெளி, அடுத்தது. அழுத்தினேன். அத்தை அடுப்பங்கரையில் வேர்க்கடலை இடித்துக்கொண்டிருந்தாள். பேசிவிட்டது! உலக்கை கீழே விழுந்த சத்தமும் அந்தக் குரலும் ஒன்றாகக் கேட்டன. "யாருடி அது, வீட்டுக்குள்ள ஆம்பளை?" என்று அத்தை ஓடிவந்தாள். பாவம் அந்தப் பெட்டி, ஒரு மாதமாக ஒவ்வொரு தரமும் அந்த வரியைக் காட்டிவிட்டு, யாராவது அழுத்த மாட்டார்களா என்று காத்திருந்திருக்கிறது. என்ன தேதி என்று கேட்டேன். இரண்டாயிரத்து இரண்டாம் வருடம் என்றது. சரித்திர டீச்சர் வீட்டுக்கு வந்த பெட்டி வேறு எப்படி இருக்கும்? பேட்டரியை நானே மாற்றி, தேதியையும் திருத்தினேன். இப்போது தேதி சரியாகச் சொல்கிறது.

நம் மொழியை அது படிப்பதைக் கேட்டால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். நேற்று கப்பலில் இறங்கிய வெள்ளைக்காரப் பாதிரியார் பூசை வைப்பது போலவே இருக்கிறது. ஆனால் ஒரு சொல்லையும் விடாமல் படிக்கிறது, உச்சுக்கொட்டுவதில்லை.

அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. கதவுக்கு வெளியே நின்று, "என்ன எழுதுற? எனக்குத் தெரியக் கூடாதா?" என்கிறாள். நம் இருவருக்கும் நடுவில் அவள்தானே இத்தனை நாள் இருந்தாள். அதனால் இப்போது அவள் சொல்கிறாள், நான் அடிக்கிறேன்:

(தம்பி, உன் அப்பா வழிக் குலம் வெட்டுக்கிளின்னு தெரிஞ்சுபோச்சு. அது எங்க குலம் இல்லை, நல்லதாப் போச்சு. உன் அம்மா எந்தக் குலம்? சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.)

எதற்காகக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆகவே ஒன்றும் எழுதவில்லை. நீங்கள் பென்டிரைவிலேயே பதில் போடலாம். இனி உங்கள் கடிதத்தை எனக்கு முன்னால் யாரும் படிக்கப் போவதில்லை.

கொரெட்டி

---

கம்பாலா
27 ஜனவரி

கொரெட்டி,

நாலோங்கோ அம்மாவுக்கு முதலில் பதில்: என் அம்மா யானைக் குலம்.

மீதி உனக்கு மட்டும். டீச்சர் என்பதை விட்டுவிட்டேன், பிடிக்கவில்லை என்றால் சொல், மறுபடியும் போட்டுக்கொள்கிறேன். முந்திய கடிதங்களிலெல்லாம் நான் எழுதிக் கிழித்த வரிகள் நிறைய உண்டு. உன் அத்தை அவற்றைச் சத்தமாகப் படிப்பதையும், ஜன்னலுக்கு வெளியே குழாயடியில் பிள்ளைகள் கேட்பதையும் நினைத்துக் கிழித்தேன்.

அன்று நீ போனில் கூப்பிட்டபோது, "ஹலோ, ஐயா, கேட்குதா?" என்றாய். நான் பதில் சொல்ல முட்டிக்கொண்டு நின்றேன். பலர் அந்த இடத்தில் கோபப்படுவார்கள், சிலர் என் வார்த்தையைத் தாங்களே முடித்து வைப்பார்கள். நீ வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டாய், அதே மாதிரி, "ஹலோ, ஐயா, கேட்குதா?" அதற்குப் பிறகும். லைன்தான் மோசம், மனிதன் அல்ல என்று நம்பினாய். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்கு வயது முப்பத்து நான்கு. கடை என்னுடையது, வாடகை பாக்கி இல்லை. பெண் கேட்டுப் போகிறவன் அவளுடைய அத்தையிடம் போய் மண்டியிட்டுப் பேச வேண்டும் என்பது நம் வழக்கம். அதை நினைத்தே இத்தனை வருடம் எங்கும் போகவில்லை. நான் வாயைத் திறந்து நிற்க, வந்த உறவெல்லாம் தரையைப் பார்க்கும். உன்னிடம் மட்டும் எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. அந்தப் பாதிரியார் குரல் எந்த எழுத்திலும் திக்காது. அதனால் அவரையே சொல்லச் சொல்கிறேன்: கொரெட்டி, என்னைக் கட்டிக்கொள்வாயா?

இந்த ஒரு தரமாவது என் வார்த்தை வழியில் விழாமல் உன்னிடம் வந்து சேரட்டும்.

மத்தியா

---

காலிசிசோ
5 பிப்ரவரி

மத்தியா,

பள்ளி திறந்துவிட்டது. முதல் நாளே மேல் வகுப்புக்குத் தேர்வு வைத்தேன். கேள்விகளை நான் அடித்தேன், பள்ளி ஆபீஸில் என் முன்னாலேயே அச்செடுத்து உறையில் ஒட்டினார்கள். வகுப்பில் பாதிப் பேர் தேறவில்லை. தலைமை ஆசிரியர் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேல் வகுப்புகள் என்னிடமே இருக்கின்றன.

உன் கடிதத்தை ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். கண் போன பிறகு, வேறு யாருக்கும் முன்னால் நானே படித்த முதல் கடிதம் அதுதான். அந்தப் பாதிரியார் உன் பெயரையும் கொன்றார், என் பெயரையும் கொன்றார். கட்டிக்கொள்வாயா என்பதை, மருந்துச் சீட்டைப் படிப்பது போலப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் மறுபடியும் படிக்கச் சொன்னேன். அதே மாதிரிதான் படித்தார்.

அந்தக் குரலுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். அது திக்கவில்லை, ஆனால் அது நீ இல்லை. அன்று போனில் நான் கேட்ட பாதி ஹலோ உன்னுடையது. மறு பாதி இன்னும் எனக்கு வர வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வா. பக்கத்துக் கடைக்காரியை அழைத்து வராதே. அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வழக்கத்தை விட முடியாது, அவள் முன்னால் நீ மண்டியிடத்தான் வேண்டும். ஆனால் உன் வார்த்தையை நீயே முடிக்கும் வரைக்கும் அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அத்தைக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. இதோ அவள் சொல்கிறாள்:

(தம்பி, யானைக் குலம்னா சிக்கல் இல்லை. கோழி அடிச்சு வாழை இலையில கட்டி வேகவைக்கறேன், வா. எனக்கு வெட்டுக்கிளின்னா உயிர், அது ஊருக்கே தெரியும். போன வாரம் மீதியிருந்ததைத் தின்னு முடிச்சு டப்பாவைக் கழுவி வச்சுட்டேன். இனிமே இந்த வீட்டுல வறுக்கறதில்லை. பொறக்கற பிள்ளைங்க அப்பன் குலமாச்சே, அதுங்க முன்னாடி திங்க முடியுமா?)

பதிலை நான் சொல்வதற்குள் அத்தை சொல்லிவிட்டாள் பார். அவளைக் கணக்கில் வைக்காதே, நீ வந்து கேள், நானே சொல்கிறேன். உன் முதல் சொல் வர எவ்வளவு நேரம் ஆனாலும் நான் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பேன்.

கொரெட்டி